செல்லத் தங்கைக்குச் செல்வது யாருடைய பங்கு?

மகாராஷ்டிர அரசு 2024 ஜூலையில் தொடங்கிய 'லாட்கி பஹின்' திட்டத்தின் பெயருக்குச் 'செல்லத் தங்கை' என்று பொருள். ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சம் ரூபாய்க்கு மிகாத குடும்பத்துப் பெண்களுக்கு மாதம் 1,500 ரூபாய். ஆண்டாப் ஹில் போன்ற குடியிருப்புகளில் அத்தொகை எரிவாயு உருளையாகவும் பள்ளிக் கட்டணமாகவும் மாறுகிறது. எனவே அதை 'இலவசம்' என இகழ்வோருடன் எனக்கு உடன்பாடில்லை.

ஆயினும் அரசின் ஒவ்வொரு புதிய செலவுக்கும் யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். 2025-26 நிதிநிலை அறிக்கை இத்திட்டத்திற்கு 36,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதே அறிக்கையின்படி மாநிலக் கடன் 9.3 இலட்சம் கோடி. நெருக்கடி முற்றியபோது, 2025 மே மாதத்தில், சமூகநீதித் துறையிலிருந்து சுமார் 410 கோடியும் பழங்குடியினர் நலத்துறையிலிருந்து சுமார் 335 கோடியும் இத்திட்டத்திற்குத் திருப்பப்பட்டன. சமூகநீதி அமைச்சர் சஞ்சய் சிர்சாட்டே இதை வெளிப்படையாகக் கண்டித்தார்.

அப்பணம் அச்சமூகப் பெண்களுக்கே சேர்கிறது என்பர். அதுவே சிக்கல். பிற சமூகத்துப் பெண்ணுக்குப் பொதுக் கருவூலம் கொடுக்கிறது. தலித் பெண்ணுக்கோ அவளுடைய மக்களின் விடுதிக்கும் உதவித்தொகைக்கும் உரிய பங்கிலிருந்தே எடுத்துக் கொடுக்கப்படுகிறது. அவள் பெறுவது கூடுதல் உதவியன்று, இடம் மாற்றப்பட்ட தன் பணம்.

உதவித்தொகை தொடரட்டும். அனைவருக்குமான திட்டத்திற்கு அனைவரின் வரியிலிருந்தே பணம் வரவேண்டும். அதற்கு வழியில்லையெனில், எந்தச் செலவு குறைக்கப்படுகிறது என்பதைச் சட்டமன்றத்தில் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.