இல்லறமும் அறிவும்: எழ மறுக்கும் கணிப்பொறி



2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு, விண்டோஸ் 10 என்னும் இயக்க அமைப்புக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்து வந்த பொது ஆதரவு முடிவுற்றது. அதனை அடுத்து வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடும் குறிப்பிட்ட வகை மையச் செயலியும் உடைய பொறிகளுக்கென்றே வகுக்கப்பட்டது. இதன் விளைவு யாதெனில், நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த கணிப்பொறிகள் பல, ஒரே நாளில் "பழையன" என்று பெயர் பெற்றுவிட்டன. பிள்ளையின் படிப்புக்கென்று சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கிய பொறியைத் தூக்கியெறிய எந்தத் தாய்க்கு மனம் வரும்? ஆகவேதான் இல்லங்கள் பலவற்றில் இளைஞர்கள் லினக்ஸ் அமைப்பை நிறுவத் தலைப்பட்டுள்ளனர். இது பாராட்டத்தக்க முயற்சியே. ஆயினும், நிறுவி முடித்த அன்றே பொறி எழ மறுத்து நின்றுவிடும்போது வீட்டில் எழும் குழப்பம் சிறிதன்று. இத்திங்கள் அதனைக் குறித்தே சிந்திப்போம்.

முதற்கண் லினக்ஸ் என்பது யாது? பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 1991ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் உலகுக்கு அறிவித்த இயக்கக் கருவே லினக்ஸ். அதனைச் சூழப் பல்வேறு மென்பொருள்களைத் தொகுத்து உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன் முதலிய பெயர்களில் வழங்குகின்றனர். இவற்றை விலையின்றிப் பெறலாம், பிறர்க்கும் வழங்கலாம். நம் நாட்டிலேயே சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் உண்டு.

இனி, நோய்க்கு வருவோம். நிறுவும் பணி தடையின்றி முடிகிறது. "மறுபடி தொடங்குக" என்று பொறி கேட்கிறது. தொடங்கினால், நிறுவனச் சின்னம் ஒன்று தோன்றி அப்படியே நின்றுவிடுகிறது. அல்லது திரை முழுதும் கருமையாகிவிடுகிறது. எலிக்குறியும் அசைவதில்லை. உடனே வீட்டில் நிகழ்வது என்ன? "இருந்ததையும் கெடுத்துவிட்டான்" என்று தந்தை மகனைக் கடிந்துகொள்கிறார். மகனோ வெட்கமும் அச்சமும் மேலிட, மின்விசையை நிறுத்தி நிறுத்திப் போடுகிறான். பின்பு அண்டை அயலார் ஒருவர், "அனைத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவு" என்று எளிதாகச் சொல்லிப் போகிறார். இந்த அறிவுரையே பேராபத்தானது. அந்த வன்தட்டின் மற்றொரு பகுதியில் குழந்தையின் திருமுழுக்குப் படங்களும், மறைந்த பாட்டியின் குரலும், வீட்டுக் கணக்கும் இருக்கக்கூடும். அழித்தபின் அவற்றை மீட்பது அரிது. பல வேளைகளில் இயலவே இயலாது. அதனோடு, காரணம் அறியாமல் மறுபடி நிறுவினால் அதே இடத்தில் அதே வண்ணம் மீண்டும் நிற்கும் என்பதும் கண்கூடு.

ஆதலின், அழிப்பதற்கு முன் ஆராய வேண்டும். திருவிழாவில் தேர்ப்பவனி நடுத்தெருவில் நின்றுபோனால், அறிந்தவர்கள் தேரைக் குறை சொல்வதில்லை. எந்தச் சக்கரம் எதில் சிக்கியது என்று குனிந்து பார்ப்பார்கள். கணிப்பொறி எழுவதும் ஒரு பவனியே. முதலில், தாய்ப்பலகையில் உறையும் நிலைமென்பொருள் விழித்து உறுப்புகளைச் சரிபார்க்கிறது. இரண்டாவதாக, கிரப் என்னும் ஏற்றுநிரல் வந்து, எந்த அமைப்பைத் தொடங்குவது என்று முடிவு செய்கிறது. மூன்றாவதாக, இயக்கக் கரு நினைவகத்தில் ஏறி, திரை, தட்டு முதலியவற்றின் இயக்கிகளை எழுப்புகிறது. நான்காவதாக, சிஸ்டம்டி என்னும் மேலாளர் மற்றப் பணிகளைத் தொடங்கி, பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் திரையைக் கொண்டுவருகிறது. எப்படியில் நின்றது என்று அறிந்தால் பாதி நோய் தீர்ந்தது என்க.

உண்மையில் பொறி உறைந்ததா, திரை மட்டும் இருண்டதா என்பதே முதற் சோதனை. விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விசையை அழுத்துங்கள். அதன் சிறுவிளக்கு எரிந்தும் அணைந்தும் மாறுமாயின், உள்ளே இயக்கக் கரு உயிரோடிருக்கிறது. அப்போது கன்ட்ரோல், ஆல்ட், எப்3 ஆகிய மூன்றையும் ஒருசேர அழுத்தினால் எழுத்துத் திரை தோன்றக்கூடும். தோன்றினால், பழுது திரைக்காட்சியில் மட்டுமே உள்ளது என்று தேறலாம். பல பொறிகளில் அவ்விளக்கு தானாகவே விட்டுவிட்டு மின்னினால், இயக்கக் கருவே செயலிழந்தது என்பது பொருள்.

இரண்டாவது சோதனை, மறைத்துள்ள செய்திகளைத் திறந்து பார்ப்பது. தொடங்கும்போது அழகிய சின்னத்தைக் காட்டும்பொருட்டு, உள்ளே நிகழ்வனவற்றை லினக்ஸ் திரையிட்டு மறைக்கிறது. அத்திரையை விலக்க வேண்டும். பொறியை இயக்கி, பழைய வகையாயின் ஷிப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள். புதிய வகையாயின் நிறுவனச் சின்னம் மறைந்தவுடன் எஸ்கேப் விசையை ஒருமுறை மட்டும் தட்டுங்கள். கிரப் பட்டியல் தோன்றும். முதல் வரியில் நின்றுகொண்டு ஆங்கில "இ" எழுத்தை அழுத்துங்கள். தோன்றும் வரிகளுள் "லினக்ஸ்" என்று தொடங்குவதன் இறுதியில் "குவயட்", "ஸ்பிளாஷ்" என்னும் இரு சொற்கள் இருக்கும். அவற்றை நீக்கிவிட்டு எப்10 விசையை அழுத்தினால், தொடக்கச் செய்திகள் வரிவரியாக ஓடும். எவ்வரியில் நின்றதோ அதனை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அல்லது கைப்பேசியில் படமெடுங்கள். அஞ்ச வேண்டா, இம்மாற்றம் அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டுமே உரியது. அடுத்த முறை பழையபடியே ஆகிவிடும்.

நிறுவியவுடன் நின்றுபோகும் பொறிகளில் அடிக்கடி காணப்படும் காரணம் திரைக்காட்சி அட்டையின் இயக்கியாகும். அதிலும் என்விடியா அட்டை உள்ளவற்றில் இது மிகுதி. அதற்கு ஒரு வரலாறு உண்டு. அந்நிறுவனம் தன் அட்டைகளின் நுட்பங்களை நெடுங்காலம் வெளியிடவில்லை. ஆதலின் ஆர்வலர்கள் அட்டையின் நடத்தையைக் கவனித்துக் கவனித்தே நூவோ என்னும் இயக்கியை எழுதினர். 2010ஆம் ஆண்டு வெளிவந்த இயக்கக் கருவில் அது சேர்க்கப்பட்டது. பெருமுயற்சியின் பயனே அது. எனினும் எல்லா அட்டைகளோடும் அது இணங்கிப் போவதில்லை. 2022ஆம் ஆண்டில்தான் அந்நிறுவனம் தன் புதிய அட்டைகளுக்கான கருப்பகுதி இயக்கியின் மூலநிரலைத் திறந்து வெளியிட்டது.

"நிறுவும்போது நன்றாக ஓடியதே, நிறுவியபின் ஏன் நின்றது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நிறுவும் வட்டிலோ விரற்செலுத்தியிலோ பாதுகாப்பான திரைக்காட்சி என்றொரு தேர்வு உண்டு. அதனைத் தேர்ந்து நிறுவியிருந்தால், அந்த ஏற்பாடு நிறுவப்பட்ட அமைப்புக்கு எப்போதும் தொடர்ந்து வருவதில்லை. அடுத்த தொடக்கத்தில் முழு இயக்கியும் எழுகிறது, பொறி உறைகிறது.

இதனைத் தேறும் வழி எளிது. மேலே கூறியவாறு கிரப் பட்டியலில் "இ" எழுத்தை அழுத்தி, அதே "லினக்ஸ்" வரியின் இறுதியில், ஓர் இடைவெளி விட்டு, "நோ", "மோட்", "செட்" என்னும் மூன்று ஆங்கிலச் சொற்களையும் இடைவெளியின்றி ஒன்றாகச் சேர்த்துச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பின்பு எப்10. இயக்கக் கருவின் இயக்கி திரையின் அளவைத் தானே மாற்றியமைக்க வேண்டாம் என்பதே இவ்வாணையின் பொருள். பொறி இப்போது எழுந்துவிட்டதாயின், குற்றவாளி திரைக்காட்சி இயக்கியே என்பது ஐயமற விளங்கும்.

ஆனால் அதனோடு நின்றுவிடலாகாது. இது ஊன்றுகோலேயன்றி மருந்தன்று. திரை மங்கலாகவும் அசைவு மெதுவாகவும் இருக்கும். இணைய இணைப்போடு, லினக்ஸ் மின்ட்டாயின் டிரைவர் மேனேஜர் பகுதியையும், உபுண்டுவாயின் அடிஷனல் டிரைவர்ஸ் பகுதியையும் திறந்து, பரிந்துரைக்கப்படும் இயக்கியை நிறுவுங்கள். செக்யூர் பூட் என்னும் காப்பு இயங்கும் பொறியாயின், நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கப்படும். மறுதொடக்கத்தில் நீலத்திரை ஒன்று தோன்றும். பலர் அதைக் கண்டு மிரண்டு கடந்துவிடுகின்றனர். அங்கே என்ரோல் எம்.ஓ.கே. என்பதைத் தேர்ந்து, முன்பு கொடுத்த கடவுச்சொல்லை இட வேண்டும். இடாவிட்டால் புதிய இயக்கி ஏறாது. "மருந்தும் பலிக்கவில்லை" என்று வீணே வருந்த நேரும். அட்டை மிகப் பழையதாகிப் பொருத்தமான இயக்கி கிடைக்காவிடில், அச்சொல்லையே கிரப் அமைவுக் கோப்பில் நிலையாகச் சேர்த்துவைக்கலாம். எழுதவும் படிக்கவும் அது போதும்.

அச்சொல்லுக்கும் பொறி அசையாவிடில் வேறு காரணங்களைத் தேடுவோம். "ஸ்டார்ட் ஜாப்" என்ற சொற்களோடு ஒரு நிமிடம் முப்பது வினாடி எண்ணிக்கை ஓடினால், அது உறைவன்று, காத்திருத்தல். இல்லாத ஒரு வட்டுப்பகுதியை எப்எஸ்டேப் என்னும் கோப்பு தேடச் சொல்கிறது. அக்கோப்பில் தவறிய வரியைத் திருத்தினால் போதும். புதிய இயக்கக் கருவை ஏற்றிய பின் நின்றதாயின், கிரப் பட்டியலில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று பழைய கருவைத் தேர்ந்து பாருங்கள். அங்கேயே ரெகவரி மோட் என்னும் மீட்பு வழியும் உண்டு. ஒருமுறை ஓரிடத்திலும் மறுமுறை வேறிடத்திலும் நின்றால் நினைவகத்தின்மீது ஐயம் கொள்க. மெம்டெஸ்ட் நிரலை ஓர் இரவு முழுதும் ஓடவிட்டால் உண்மை தெரியும். நிறுவும் கோப்பே குறையாக இறங்கியிருத்தலும் கூடும். அதன் சரிபார்ப்பு எண்ணை வெளியிட்டோர் தரும் எண்ணோடு ஒப்பிட்டால் இதனை அறியலாம்.

செய்திகளிடையே "ஐ.ஓ. எரர்" என்னும் சொற்கள் திரும்பத் திரும்ப வருமாயின், உடனே நிறுத்துங்கள். வன்தட்டோ அதன் இணைப்பு வடமோ பழுதுபட்டிருக்கக்கூடும். சாகக் கிடக்கும் தட்டில் மறுபடி நிறுவுவது, நோயாளியை ஓடச் சொல்வதை ஒக்கும். நிறுவப் பயன்பட்ட விரற்செலுத்தியிலிருந்தே லினக்ஸைத் தொடங்கி, உங்கள் படங்களையும் ஆவணங்களையும் வெளித்தட்டு ஒன்றுக்குப் படியெடுங்கள். மற்றெல்லாம் அதன்பின்பே. உண்மையில், எந்தப் பழுதாயினும் இதுவே முதற்பணி என்று கொள்வது சாலச் சிறந்தது.

உறைந்த பொறியைச் சடுதியில் மின்னறுத்தலும் நன்றன்று. உபுண்டு, மின்ட் பொறிகளில் ஆல்ட், பிரின்ட் ஸ்கிரீன் ஆகிய இரு விசைகளையும் அழுத்திப் பிடித்தவாறே எஸ், யு, பி ஆகிய எழுத்துகளைச் சிறிது இடைவிட்டு ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். எழுதவேண்டியவை தட்டில் எழுதப்பட்டு, வட்டுப்பகுதிகள் காக்கப்பட்டு, பொறி மறுபடி தொடங்கும். இயக்கக் கரு உயிரோடிருந்தால் இது பலிக்கும்.

இவ்வளவு செய்தும் தீராவிடில் பழுதுபார்ப்பவரை நாடுவதில் இழுக்கில்லை. ஆனால் வெறுங்கையோடு செல்லாதீர்கள். எவ்வரியில் நின்றது, எதைச் செய்தபோது என்ன நிகழ்ந்தது என்று குறித்த தாளைக் கொண்டு செல்லுங்கள். "தட்டிலுள்ளதை அழிக்கக் கூடாது, அழிப்பதானால் முதலில் எங்களைக் கேளுங்கள்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். அச்சொல் ஒன்றே ஒரு குடும்பத்தின் பத்தாண்டு நினைவுகளைக் காத்துவிடும்.

பெற்றோர்க்கு ஒரு சொல். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு எழுதிய "லவுதாத்தோ சீ" சுற்றுமடலில், வீசியெறியும் பண்பாட்டைக் கண்டித்தார் என்பதை அறிவீர்கள். பழைய பொறியை எழுப்ப முயலும் பிள்ளை, அப்பண்பாட்டுக்கு எதிராகவே ஓர் அடி எடுத்து வைத்திருக்கிறான். அவன் தடுமாறும் வேளையில் "யார் கெடுத்தது?" என்று கேட்பதினும் "எங்கே நின்றது?" என்று கேளுங்கள். முதற்கேள்வி பிள்ளையை ஒளியச் செய்யும். அடுத்த முறை கெட்டதையும் அவன் உங்களிடம் சொல்லான். இரண்டாவது கேள்வி அவனை உங்கள் அருகில் அமரச் செய்யும்.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். செய்ததை எழுதுங்கள். பலன் கண்டபின்பே அடுத்ததைத் தொடுங்கள். பத்தை ஒருசேர மாற்றி, பொறி எழுந்துவிட்டாலும், எது தீர்த்தது என்று நீங்கள் அறியமாட்டீர்கள். மறுமுறை நின்றால் மீண்டும் இருளிலேயே தடவ வேண்டும். நல்ல மனச்சான்று ஆய்வும் இவ்வாறே நிகழ்கிறதன்றோ? "நான் முழுதும் கெட்டவன்" என்று புலம்புவோர் திருந்துவதில்லை. எப்போது, எங்கே, எதனால் இடறினோம் என்று பொறுமையாகக் காண்போரே எழுந்து நடக்கின்றனர்.

உங்கள் இல்லங்களில் பொறுமையும் அமைதியும் தழைக்க இறைவன் ஆசீர் அளிப்பாராக.