முழங்கால் ஊசியும் சொந்த ரத்தமும்

எங்கள் பூங்கா நடைக் கூட்டத்தில் இப்போது அரசியலைவிட அதிகம் அடிபடுவது பி.ஆர்.பி. ஊசிதான். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு அவர்கள் ரத்தத்தையே எடுத்து மூட்டுக்குள் போடுகிற ஊசி. "ஆபரேஷன் வேண்டாம், உங்கள் ரத்தமே உங்களுக்கு மருந்து" என்று ஆட்டோவின் முதுகில்கூட விளம்பரம் பார்த்தேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை விஷம் என்றோ மோசடி என்றோ சொல்லமாட்டேன். ஆனால் பென்ஷன் பணத்தை எடுத்துப் போட்டுக்கொள்ளும் அளவுக்கு இதற்கு ஆதாரம் இல்லை.

செய்வது எளிது. கையில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் வைப்பார்கள். சிவப்பணுக்கள் அடியில் தங்க, மேலே மஞ்சள் நிறத்தில் பிளாஸ்மா பிரியும். அதில் பிளேட்லெட் அதிகமாக உள்ள பகுதியை ஊசியில் எடுத்து மூட்டுக்குள் செலுத்துவார்கள். டெங்கு காலத்தில் எண்ணிக்கை கேட்டுக் கேட்டுப் பயந்தோமே, அதே பிளேட்லெட். காயம் பட்ட இடத்தை ஆற்றத் தூண்டும் பொருட்கள் அதில் உண்டு. மூட்டில் உள்ள ஜவ்வுக்கு, அதாவது குருத்தெலும்புக்கு, ரத்தக் குழாய்கள் கிடையாது. அதனால்தான் அது தேய்ந்தால் லேசில் ஆறுவதில்லை. ரத்தம் போகாத இடத்துக்கு ரத்தத்தின் சத்தை நாமே கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன என்பதுதான் யோசனை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தவிர, சொந்த ரத்தம் என்றாலே நமக்கு ஒரு பாசம். சொந்த ரத்தம் கைவிடாது என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம்.

நியாயமாகத் தோன்றுவது வேறு, பலிப்பது வேறு. ஆஸ்திரேலியாவில் இதை முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். 50 வயதைத் தாண்டிய, தேய்மானம் மிதமாக இருந்த 288 பேர். பாதிப் பேருக்கு பி.ஆர்.பி.; மீதிப் பேருக்கு வெறும் சலைன், நம் ஊர் பாஷையில் உப்புத் தண்ணீர். வாரம் ஒன்றாக மூன்று ஊசி. யாருக்கு எது போனது என்று போட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியாது. ஒரு வருடம் கழித்து, பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டுக் கணக்கிட்டதில், பி.ஆர்.பி. போட்டவர்களுக்குச் சராசரியாக 2.1 புள்ளி குறைந்திருந்தது. உப்புத் தண்ணீர் போட்டவர்களுக்கு 1.8 புள்ளி. ஸ்கேனில் பார்த்தால் ஜவ்வு எந்தப் பக்கமும் வளரவில்லை. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்திருந்தது. 2021 நவம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இது வெளியானது.

அந்த 1.8 என்ற எண்ணைக் கொஞ்சம் நின்று பாருங்கள். உப்புத் தண்ணீருக்கே அவ்வளவு வலி குறைகிறது! மூட்டு வலி ஒரே சீராக இருப்பதில்லை, ஏறும், இறங்கும். நாம் டாக்டரிடம் ஓடுவது உச்சத்தில் இருக்கும்போதுதான். அதற்குப் பிறகு எப்படியும் கொஞ்சம் இறங்கும். செலவு செய்திருக்கிறோம், பெரிய டாக்டர் தொட்டுப் பார்த்திருக்கிறார் என்ற தெம்பு வேறு. ஆகவே பக்கத்து வீட்டு மாமி "எனக்கு நன்றாகக் கேட்டது" என்றால் அவர் பொய் சொல்லவில்லை. எதனால் கேட்டது என்பது மட்டும் அவருக்குத் தெரிய வழியில்லை.

மறு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பலன் இருந்ததாகச் சொல்லும் ஆய்வுகளும் உண்டு. அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர்கள் சங்கம் 2021இல், வலி குறையக்கூடும், ஆனால் ஆதாரம் பலமாக இல்லை என்ற அளவில் நின்றது. அங்கேயே மூட்டுவாத மருத்துவர்கள் சங்கம் 2019இல் வேண்டாம் என்று அழுத்திச் சொல்லியிருக்கிறது. இடத்துக்கு இடம் தயாரிக்கும் முறையும் பிளேட்லெட் அளவும் மாறுவது இன்னொரு சிக்கல். ஒரே பெயரில் பல சரக்கு. ஸ்டீராய்டு ஊசி போல இது சர்க்கரையை ஏற்றாது என்பது சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு அனுகூலம், மறுக்கவில்லை.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். எங்கள் கூட்டத்தில் ஒருவருக்குக் கால் வில்லாக வளைந்து, எலும்போடு எலும்பு உரசுகிறது. அவருக்கு ஒரு காலுக்கு மூன்று ஊசி, 45,000 ரூபாய், "ஜவ்வு மறுபடி வளரும்" என்ற வாக்குறுதியோடு. நான் மேலே சொன்ன ஆய்வில் அந்த நிலையில் இருப்பவர்களைச் சேர்க்கவே இல்லை. அவருக்கு வேண்டியது மூட்டு மாற்று பற்றிய நேர்மையான பேச்சு. ஊசி போட்டு ஒரு வருடம் தள்ளிப்போட்டால் பணமும் போகும், காலும் இன்னும் வளையும்.

தொடைத் தசைக்கான பயிற்சிக்கு யாரும் ஆட்டோவில் விளம்பரம் ஒட்டுவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டித் தூக்கி, ஐந்து எண்ணி இறக்குவதற்கு என்ன கட்டணம் வாங்க முடியும்? எல்லா நாட்டு வழிகாட்டுதல்களிலும் முதல் வரிசையில் இருப்பது அதுதான். அதோடு எடை. ஒரு கிலோ குறைத்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்குச் சுமார் நான்கு கிலோ பாரம் குறைகிறது என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும், அதுதான் கசப்பு.

இதையெல்லாம் கேட்ட பிறகும் ஒருவர் போட்டுக்கொள்ள விரும்பினால் அது அவர் இஷ்டம். ஆனால் ஒன்று. ஊசிக்கு முன்னால் வலி மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார்கள். எங்களில் ஒருவருக்குக் கொடுத்த அச்சிட்ட தாளில் ஆஸ்பிரினும் சேர்ந்திருந்தது. அவர் இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர். அங்கே யாரும் அதைக் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. மகள் தாளைப் படித்துவிட்டு இதய டாக்டருக்கு போன் போட்டாள். அந்த மாத்திரையைத் தொடவே கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். நண்பர் ஊசித் தேதியைத் தள்ளிவைத்திருக்கிறார். மாத்திரை மட்டும் தினமும் போகிறது.