பாலைவனத்திலும் புயல் வரும்

மத்திய கிழக்கு என்றதும் மணலும் வெயிலும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஓமானை 2007 ஜூனில் கோனு சூறாவளியும் 2021 ஒக்டோபரில் ஷாஹீன் சூறாவளியும் தாக்கின. வறண்டு கிடக்கும் ‘வாதி’கள் மழை கொட்டியதும் ஆறாகி, வாகனங்களையே அடித்துச் செல்கின்றன.

அங்கு எச்சரிக்கை அரபியிலும் ஆங்கிலத்திலும் வரும். பணிப்பெண்ணாகச் சென்ற நம் உம்மாமாரில் எத்தனை பேருக்கு அது புரியும்? அரபியில் சூறாவளிக்கு ‘இஃஸார்’ என்று பெயர். சூரா அல்பகராவில் நாம் ஓதும் சொல்தான் அது. பொருள் தெரியாமலே ஓதுகிறோம்.

பயணத்துக்கு முந்திய பயிற்சியில் இதற்கும் ஒரு மணிநேரம் வேண்டும். வெள்ளம் பாயும் வாதியைக் கடக்கக் கூடாது. மேல்மாடிக்குப் போக வேண்டும். கடவுச்சீட்டின் பிரதியும் தூதரகத் தொலைபேசி இலக்கமும் கையில் இருக்க வேண்டும். அவர்கள் அனுப்பும் பணத்தைக் கணக்கிடும் நாடு, அவர்களின் உயிரையும் கணக்கில் எடுக்கட்டும்.