புதியோர்க்குக் கதை உணர்த்தும் முறை

இக்காலத்துக் கணினி விளையாட்டுக்களுட் சில, புராணங்களையொத்த விரிந்த கதைப்பரப்பு உடையன. 1994 ஆம் ஆண்டிலே தொடங்கிய ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ வரிசை அத்தகையது. அவ்வரிசையில் 2011 இல் வெளிவந்த ‘ஸ்கைரிம்’ விளையாட்டினுள்ளே படித்தற்குரிய நூல்களே நூற்றுக்கணக்கில் உள.

இதனை ஆடப் புகும் புதியவனுக்குப் பழகியோர் செய்யும் உதவி யாது? தேவர் பெயர், அரச மரபு, யுகக் கணக்கு அனைத்தையும் நல்லெண்ணத்தோடு ஒருங்கே கொட்டுகின்றனர். கேட்டவன் மருண்டு விளையாட்டையே கைவிடுகின்றான். இங்ஙனம் அறிவைக் காட்டுதல் அவனுக்கு வாயிலை அடைத்தலேயாகும்.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லல் வேண்டும் என்பது ஆசிரியத் தொழிலின் அடிப்படை விதி. ஸ்கைரிமை ஆக்கியோரும் அவ்வழியே சென்றனர். ஆடுவோன் தொடக்கத்திலே கொலைக்களத்துக்குக் கொண்டு செல்லப்படும் கைதி. அப்பொழுது அவன் அறிய வேண்டுவன இரண்டே: பேரரசுக்கும் கிளர்ச்சியாளருக்கும் போர் நிகழ்கின்றது, மறைந்தொழிந்த டிராகன்கள் மீண்டும் தோன்றியுள்ளன. தாலோஸ் என்னுந் தெய்வத்தின் வழிபாடு உடன்படிக்கையொன்றால் தடைப்பட்டமை போருக்கு ஒரு காரணம் என்பதை, “ஏன் இப்போர்?” என அவன் வினவும்போது உரைத்தாற் போதும். எஞ்சியவற்றை ஆங்குள்ள மாந்தர் வாயிலாகவும் நூல்கள் வாயிலாகவும் அவன் தானே அறிவான்.

வினா எழுமுன் விடை கூறுதல், பசி எழுமுன் சோறூட்டுதல் போலாம். ஆதலின், அறிந்தோர் தாம் அறிந்ததைக் கேட்போன் தேவையறிந்து அளந்து வழங்குவாராக.