மாதர் பகுதி: காய்ச்சலும் வலிப்பும்



சென்ற மாதம் மண்டபத்துச் சமையலறையில் அன்னதானத்துக்குக் காய்கறி வெட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு இளந்தாய் என்னை ஒரு பக்கமாக அழைத்துச் சென்றார். "அக்கா, பிள்ளைக்குக் காய்ச்சலோடை இழுத்துப் போட்டுது. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ" என்றார் மெதுவாக. அவர் யார் என்று நான் எழுதப் போவதில்லை. என் வீட்டுக் கதையையே எழுதுகிறேன். நாங்களும் ஒருகாலம் மறைத்தவர்கள்தான்.

என் மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. நாங்கள் லண்டனுக்கு வந்து மூன்றாவது வருடம். மாசி மாதத்து இரவு. கணவர் இரவு வேலைக்குப் போய்விட்டார். ஊரிலிருந்து வந்திருந்த மாமியும் நானும்தான் வீட்டில். பின்னேரம் பிள்ளைக்கு இலேசாக மேல் சுட்டது. பல் முளைக்கிற சூடு என்று விட்டுவிட்டேன். பத்து மணியிருக்கும், கட்டிலில் ஏதோ அடிபடுகிற சத்தம். ஓடிப்போய் லைற்றைப் போட்டால், கண் மேலே செருகி, கைகால் வெட்டி வெட்டி இழுக்க, உதடு நீலம் பாரித்துக் கிடக்கிறான். கூப்பிட்டால் கேட்கவில்லை. பிள்ளை போய்விட்டான் என்றே நினைத்தேன்.

மாமி ஒரு கையில் திறப்புக் கோர்வையும் மறு கையில் கரண்டியுமாக ஓடி வந்தார். "இரும்பைக் கையிலை குடு பிள்ளை! கரண்டியைப் பல்லுக்குள்ளை வை, நாக்கைக் கடிக்கப் போறான்!" ஊரில் அவர் கண்டதும் செய்ததும் அதுதான். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

நான் 999 ஐ அழைத்தேன். மறுபக்கத்திலிருந்த பெண் முதலில் கேட்டது, பிள்ளை மூச்சு விடுகிறானா என்று. பிறகு முகவரி கேட்டார். மூன்று வருடமாக எழுதிவந்த தபால் குறியீடு வாயில் வரவில்லை! கதவடியில் கிடந்த மின்சாரக் கட்டணக் கடிதத்தை எடுத்து வாசித்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்: தரையில் படுக்க விடு, இடிபடக்கூடிய சாமான்களை அப்பால் தள்ளு, கழுத்தடியைத் தளர்த்து, ஒரு பக்கமாகச் சரித்து விடு, கைகாலை அமுக்கிப் பிடிக்காதே, வாய்க்குள் எதையும் வைக்காதே, மணிக்கூட்டைப் பார். கரண்டியோடு குனிந்த மாமியின் கையைப் பிடித்து, "விடுங்கோ மாமி" என்றேன். கலியாணம் முடித்து ஐந்து வருடத்தில் அவரை நான் மறித்தது அதுவே முதல் தடவை.

இழுப்பு நின்றபோது மூன்று நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. எனக்கு அது அரை மணித்தியாலம்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது காதில் கிருமித்தொற்று. இதைக் காய்ச்சல் வலிப்பு என்பார்கள். ஆறு மாதத்திலிருந்து ஆறு வயது வரையான பிள்ளைகளுக்கு வருவது. பெற்றோருக்கோ சகோதரருக்கோ வந்திருந்தால் பிள்ளைக்கும் வரக்கூடும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும், சிறிது நேரத்தில் தானாக நிற்கும் வலிப்பு மூளையைப் பழுதாக்குவதில்லை. நாக்கை விழுங்குவது என்று ஒன்று கிடையாது; கரண்டியால் பல் உடையும், உடைந்தது தொண்டைக்குள் போகும். முதல் தடவை என்றாலும், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், பிள்ளை மூச்செடுக்கக் கஷ்டப்பட்டாலும் உடனே 999. ஆங்கிலம் வராவிட்டால் "தமிழ்" என்ற ஒரு சொல்லைச் சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் இணைக்க வழி இருக்கிறது. காய்ச்சலோடு உடம்பில் புள்ளிகள் கண்டால், கண்ணாடிக் குவளையால் அழுத்திப் பாருங்கள். மறையாவிட்டால் ஒரு கணமும் தாமதிக்க வேண்டாம். நம் பிள்ளைகளின் நிறத்தில் புள்ளி இலேசில் தெரியாது, உள்ளங்கையையும் உள்ளங்காலையும் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் மாமி சொன்னார்: "வெளியிலை கதைக்காதை. காக்கை வலிப்பு எண்டு கதை கட்டிவிடுவினம்." எனக்கும் அதே பயம். காய்ச்சல் வலிப்பு வேறு, காக்கை வலிப்பு வேறு என்று வைத்தியர் விளக்கியிருந்தார். மூன்று பிள்ளைகளில் ஒருவருக்கு இது திரும்பவும் வரும் என்றும் சொல்லியிருந்தார். முதலாவதை மாமிக்குச் சொன்னேன். இரண்டாவதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஆனி மாதத்தில் ஒரு நாள் நான் வேலைக்குப் போக, பிள்ளையை ஒரு அக்கா வீட்டில் விட்டிருந்தேன். அங்கே வந்தது. அவருக்கு ஒன்றும் தெரியாது. வாய்க்குள் விரலை வைத்துக் கடி வாங்கி, இரத்தம் ஒழுக ஒழுக அழுதுகொண்டு என்னைத்தான் அழைத்தார், அம்புலன்சை அல்ல. நான் பஸ்ஸில் இருந்தேன். பிள்ளை தப்பியது அவன் அதிர்ஷ்டம். இரண்டு கிழமைக்கு அந்த அக்காவின் விரலில் கட்டு இருந்தது. "ஏன் தங்கச்சி எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டார். கோபித்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

அதன் பிறகு அவனைப் பார்க்கும் எல்லோருக்கும் சொன்னோம். கதை கட்டியவர்களும் இருந்தார்கள்தான். அவர்கள் பெயர்கூட இப்போது ஞாபகமில்லை.

இன்னொன்று. இரண்டாவது தடவைக்குப் பிறகு நான் விடிய விடிய வெப்பமானியோடு இருந்தேன். நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மருந்து கொடுத்தால் தடுத்துவிடலாம் என்று. பரசிற்றமோல் பிள்ளையின் அவஸ்தையைக் குறைக்கும், வலிப்பைத் தடுக்காது என்று வைத்தியர் சொன்னபோது நான் அழுதேன். குளிர்ந்த தண்ணீரால் துடைப்பதும் வேண்டாமாம். அன்று மத்தியானம் நான் அவனைக் குளிக்க வார்த்ததால் வந்ததல்ல என்று அவர் வாயால் கேட்கும்வரை, அந்தப் பழியை நானே சுமந்துகொண்டிருந்தேன்.

அவன் இப்போது ஏழாம் வகுப்பு. ஐந்து வயதுக்குப் பிறகு வரவில்லை. தொலைபேசிக்கு மேலே வீட்டு முகவரி பெரிய எழுத்தில் இன்னும் ஒட்டியிருக்கிறது. கீழே மாமி தன் கையால் அதைத் தமிழில் எழுதி வைத்தார், தபால் குறியீட்டின் ஆங்கில எழுத்துகளையும் சேர்த்து. ஊருக்குத் திரும்பிப் போகும்வரை காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது ஒருமுறை அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார்.