குண்டுகளை மட்டும் மாற்றினால் போதுமா?

மாணவ நண்பர்களே, வீட்டிலுள்ள பழைய சைக்கிளை மிதிக்கும்போது 'கடக், கடக்' என்று ஓசை வருகிறதா? கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் ஆடினால் காட்டர் பின் தளர்ந்திருக்கலாம். இரண்டும் சேர்ந்தே ஆடினால் கோளாறு அச்சில்தான்.

அந்த அச்சின் இரு பக்கமும் பக்கத்திற்கு ஒரு கிண்ணம். அதனுள் கால் அங்குல பால்ரஸ் குண்டுகள் 11. "குண்டுகளை மட்டும் மாற்றினால் போதும், செலவு மிச்சம்" என்பார்கள் பலர். அது எப்போதும் சிக்கனம் ஆகாது என்பேன்.

ஏன்? குண்டு கிண்ணத்தைத் தொடும் இடம் மிகச் சிறியது. பரப்புக் குறைந்தால் அழுத்தம் கூடும் என்று படித்திருக்கிறீர்கள். நாளடைவில் அந்த அழுத்தத்தால் கிண்ணத்திலும் அச்சிலும் குழிகள் விழுகின்றன. குழியில் உருளும் புதுக் குண்டும் விரைவில் கெடும். தேய்ந்த குண்டுகளோடு புதியவற்றைக் கலந்தாலோ, பெரியவையே பாரத்தைச் சுமக்கும்.

ஆகவே, முதலில் துடைத்துப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் புதுக் குண்டுகளும் கிரீசும் போதும். குழி இருந்தால் அச்சு, கிண்ணம், குண்டு மூன்றையும் மாற்றுவதே முறை. கழற்றும்போது ஒன்று நினைவிருக்கட்டும்: நம் நாட்டுச் சாதாரண சைக்கிளில் செயின் பக்கக் கிண்ணத்துக்கு இடமரை. கடிகார முள் சுற்றும் திசையில் திருகினால்தான் கழலும்.

கடையில் கொடுத்தாலும் அருகில் நின்று கவனியுங்கள். பழைய கிண்ணத்தைக் கேட்டு வாங்கி, விரலால் தடவிப் பாருங்கள். அழுத்தம் என்ற பாடம் விரலுக்கே புரியும்!