டிஸ்சார்ஜ் சீட்டோடு ஒரு கண்ணாடியும்

பக்கவாதம் வந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்வரை இருக்கும் பதைப்பு, அவர் வீடு திரும்பியதும் அடங்கிவிடுகிறது. உயிர் பிழைத்ததே பெரிது என்று குடும்பம் மனதைத் தேற்றிக்கொள்கிறது. பலருக்குத் தடி ஊன்றியாவது நடை வந்துவிடுகிறது. கைதான் வரமாட்டேன் என்கிறது. சோறு பிசைய, பொத்தான் போட, தலை பின்ன, குழாயைத் திருக, எல்லாவற்றுக்கும் இன்னொருவரை எதிர்பார்க்க வேண்டும். அந்தக் கைக்குப் புறா ரத்தம் தடவச் சொல்ல ஊரில் ஆள் உண்டு. கண்ணாடிப் பயிற்சியைச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் போதவில்லை.

பயிற்சி எளிது. முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை மேசைமேல், உட்கார்ந்திருப்பவரின் இரு கைகளுக்கும் நடுவே தடுப்புபோல நிறுத்த வேண்டும். விழுந்த கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்துவிடும். முன்னால் இருக்கும் நல்ல கையை மடக்கி விரித்தால், விழுந்த கையே அசைவதுபோலக் கண்ணாடியில் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே மறைந்திருக்கும் கையையும் முடிந்தமட்டும் அசைக்க முயல வேண்டும். மோதிரம், வாட்ச், வளையல் எதுவும் நல்ல கையில் இருக்கக் கூடாது. தன் இன்னொரு கையைத்தான் பார்க்கிறோம் என்ற தோற்றம் கலைந்துவிட்டால் பயிற்சிக்குப் பலன் இல்லை. கை, மூளையின் கட்டளையைக் கேட்காமல் போன நிலையில், 'கை அசைகிறது' என்ற செய்தியைக் கண் வழியாக மூளைக்குத் திரும்பத் திரும்ப அனுப்புவதே இதன் சூட்சுமம்.

இந்த யோசனையின் வேர் நமக்கு அந்நியமானதல்ல. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிபோர்னியாவில் ஆய்வு செய்த வி.எஸ். ராமச்சந்திரன், கை துண்டிக்கப்பட்ட பிறகும் இல்லாத கையில் வலியை உணர்ந்தவர்களுக்காக 1990களில் கண்ணாடிப் பெட்டியைப் பயன்படுத்தினார். 1999இல் அவரும் சக ஆய்வாளர்களும் பக்கவாதம் வந்த 9 பேரிடம் இதைச் சோதித்து 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். ஒன்பது பேரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்று அன்று சொல்லியிருந்தால் அது நியாயம். இன்று அப்படிச் சொல்ல முடியாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மறுஆய்வு 2018இல் வெளியானது. அது, 1,982 பேர் பங்கேற்ற 62 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. வழக்கமான சிகிச்சையோடு கண்ணாடிப் பயிற்சியும் சேரும்போது அசைவும் அன்றாட வேலைகளைச் செய்யும் திறனும் மேம்படுகின்றன என்பது அதன் முடிவு. சராசரியாக வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு அரைமணி நேரம், 4 வாரம், அவ்வளவே.

இது கையை முழுதாக மீட்டுத் தரும் என்று எவரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. இயன்முறைச் சிகிச்சைக்கு இது மாற்றும் அல்ல. நிமிர்ந்து உட்காரவும், சொன்னதைப் புரிந்து கவனம் வைக்கவும் முடிந்தவருக்கே இது ஏற்றது. சிலருக்குத் தலைசுற்றும், முதல் சில நாள் பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கத்தான் வேண்டும். அதனாலேயே, வீடியோவைப் பார்த்து அவரவரே செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுவதை நாம் ஏற்கவில்லை.

கை கால் விழுந்த ஒருவரைத் தினமும் பஸ் ஏற்றி சிகிச்சைக்கு அழைத்துவர, உடன் வருபவரின் அன்றைய கூலியும் போகிறது. இரண்டு வாரத்தில் வருகை நின்றுபோனால் அது குடும்பத்தின் அலட்சியம் அல்ல. வீட்டிலேயே செய்யக்கூடிய, சில நூறு ரூபாய்க் கண்ணாடிக்குமேல் செலவில்லாத பயிற்சி இவர்களுக்குத்தான் முதலில் போய்ச் சேர வேண்டும். மருந்துக்கு விற்பனைப் பிரதிநிதி இருப்பதுபோலக் கண்ணாடிக்கு யாரும் இல்லை. அந்த வேலையை அரசுதான் செய்ய வேண்டும்.

அதற்கு வழியும் ஏற்கெனவே இருக்கிறது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடிச் செல்கிறார்கள். கை விழுந்து, இப்பயிற்சிக்குத் தகுதியான ஒவ்வொருவருக்கும் அரசு மருத்துவமனை வார்டிலேயே, வீட்டார் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைக் கற்றுத்தர வேண்டும். உடையாத அக்ரிலிக் கண்ணாடி ஒன்றையும், படம் போட்ட தமிழ்க் கையேட்டையும் டிஸ்சார்ஜ் சீட்டோடு கொடுத்தனுப்ப வேண்டும். முதல் நான்கு வாரம் அந்த வீட்டுக்கு வாரம் ஒருமுறையாவது இயன்முறை மருத்துவர் போய்ப் பார்க்க வேண்டும். இதற்கான உத்தரவை சுகாதாரத் துறை இந்த ஆண்டே பிறப்பிக்க வேண்டும்.